கார்புரேட்டருக்குக் கடைசி இடம்: பழைய அம்பாசிடர் எஞ்சினில் கற்றவை

பழைய கார் வைத்திருப்பவர் ஒருவர் "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்று சொன்னால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எப்போது?" என்பதுதான். இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் பிடிக்காமல் போவதற்கும், நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை நெரிசலில் ஊர்ந்து வந்து, டீ குடிக்க நிறுத்திய வண்டி பத்து நிமிடம் கழித்துப் பிடிக்காமல் போவதற்கும் காரணங்கள் வேறு வேறு. எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் சோர்ந்து சுற்றுவது ஒரு கோளாறு. அது நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காதது இன்னொன்று. பிடித்த எஞ்சின், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அணைந்துவிடுவது முற்றிலும் வேறொன்று. ஆனால் இவை எல்லாவற்றுக்கும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரையே முதலில் கழற்றும் வழக்கம் எங்கள் பக்கத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. எங்கள் வீட்டு அம்பாசிடரோடு பழகியதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதற்கு நேர்மாறானது: கார்புரேட்டர் என்பது கடைசியாகக் கைவைக்க வேண்டிய உறுப்பு.

எங்களுடையது அப்பா வாங்கிய 1977ஆம் ஆண்டு மார்க் 3. அதன் 1489 சிசி எஞ்சின், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலிருந்து வந்த பிஎம்சி 'பி' வரிசை எஞ்சின். எங்கள் வண்டியில் இருப்பது சோலெக்ஸ் கார்புரேட்டர். பெட்ரோலை இழுத்துத் தருவது கேம் ஷாஃப்டால் இயங்கும் மெக்கானிக்கல் பம்ப். நெருப்பைத் தருவது, மின்னழுத்தத்தை உயர்த்தும் காயில், காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட், பாயின்டில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டென்சர், மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் (நம்மூர் மெக்கானிக்குகள் சொல்லும் டெல்கோ) ஆகியவை. மின்னணுப் பாகம் ஒன்றுகூட இல்லாததால், இதில் எதையும் கண்ணாலும் காதாலும் விரலாலும் சோதித்துவிட முடியும். பழைய எஞ்சின்மீது எனக்குள்ள பற்றுக்கு அதுவே முதற்காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆனிச் சாரல் தொடங்கிய சமயத்தில் இந்த வண்டி ஒரு புதிய பழக்கத்துக்கு வந்தது. காலையில் குறையில்லாமல் ஸ்டார்ட் ஆகும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் சிக்னலில் நின்றால் குலுங்கி அணையும். அணைந்தால் எளிதில் மறுபடி பிடிக்காது. ஒரு பணிமனையில் கார்புரேட்டரைக் கழுவினார்கள். குறை தீரவில்லை என்றதும் கார்புரேட்டரின் ஆயுள் முடிந்துவிட்டது என்று சொல்லிப் புதியதை மாட்டினார்கள். குலுக்கல் அப்படியே இருந்தது. அதன்பின் திங்கள்சந்தைப் பக்கம், டாக்சி அம்பாசிடர்களிலேயே தன் தொழில் வாழ்க்கையைக் கழித்த ஒரு வயதான மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கார்புரேட்டர் புதிது என்று நான் தொடங்கியபோது அவர் கையமர்த்தினார். "பெட்ரோல பெறவு பாக்கலாம் மக்கா. எஞ்சின் ஒழுங்கா மூச்சு விடுதா, நெருப்பு வருதான்னு மொதல்ல பாப்போம்" என்றார். அவர் பார்த்த வரிசையையே இன்றுவரை நானும் பின்பற்றுகிறேன்.

பேட்டரியிலும், மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் இணைப்பிலும் தொடங்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் அழுத்தம் பத்து வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், எஞ்சின் மெதுவாகச் சுற்றுவது மட்டுமல்ல, காயிலுக்குப் போகும் மின்சாரமும் குறைந்து பொறி பலவீனமாகிவிடும். சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்ற புகாரில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின்மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் நடுவே ஒரு பின்னல் எர்த் பட்டை இருக்கிறது. குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளில் இந்தப் பட்டை பச்சை பூத்து, மடக்கினால் பொடியாக உதிரும் நிலைக்கு வந்துவிடுகிறது. அப்போது செல்ஃபுக்கு வேண்டிய மின்சாரம் வேறு வழி தேடி, சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் அமைப்பு) கேபிள் வழியாகவும் ஆக்சிலரேட்டர் இணைப்பு வழியாகவும் ஓடும். செல்ஃப் அடித்தபின் சோக் கேபிளைத் தொட்டால் சுடுகிறது என்றால் வேறு சோதனையே தேவையில்லை. மீட்டர் இருப்பவர்கள், ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே அளந்து பார்க்கலாம். அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால், அந்த இணைப்புகளைக் கழற்றித் தேய்த்து இறுக்க வேண்டும்.

அடுத்தது எஞ்சினின் மூச்சு. எஞ்சினைக் கையால் சுற்ற அம்பாசிடரோடு வரும் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் பலர் டிக்கியில் துருப்பிடிக்க விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதைவிடச் சிறந்த சோதனைக் கருவி இல்லை. இக்னிஷனை அணைத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்டிலை மெல்லச் சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தத்துக்கு வரும்போது கையில் ஓர் எதிர்ப்பு தெரியும். அந்த எதிர்ப்பு நான்கு முறையும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டு போனால், அந்த சிலிண்டரின் வால்வையோ ரிங்கையோ சந்தேகிக்கலாம். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாகச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றிப் பிடித்தால், எஞ்சின் பின்னோக்கி உதைக்கும்போது மணிக்கட்டு முறிந்துவிடும்.

டாப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவேயுள்ள இடைவெளியை, இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். இந்த எஞ்சினுக்கு அது 0.015 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர். வால்வுகளை முன்னிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொண்டால், எந்த வால்வு முழுவதும் திறந்து நிற்கிறதோ அதன் எண்ணோடு கூட்டினால் ஒன்பது வரும் வால்வைச் சரிசெய்யலாம்: முதலாவது திறந்திருக்கையில் எட்டாவது, மூன்றாவது திறந்திருக்கையில் ஆறாவது. டாப்பெட் சத்தமே வராத எஞ்சின்தான் நல்ல எஞ்சின் என்ற எண்ணம் ஓட்டுநர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது, அது ஆபத்தானது. இடைவெளி குறைந்து இறுகிய வால்வு, சூட்டில் நீளும்போது முழுவதும் மூடாது. அழுத்தம் கசியும், ஐடிலிங் (பெடலை மிதிக்காதபோது எஞ்சின் மெதுவாக ஓடுவது) குலுங்கும், கடைசியில் வால்வே கருகும். இத்தனையும் சத்தமே இல்லாமல் நடக்கும். எங்கள் வண்டியில் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகள் அப்படித்தான் இறுகிக் கிடந்தன. அவற்றைச் சரிசெய்ததும் குலுக்கல் பாதி குறைந்தது.

இதற்குப் பிறகுதான் நெருப்பு. டெல்கோ மூடியைத் திறந்து, உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பென்சிலால் இழுத்ததுபோல மெல்லிய கருங்கோடு தெரிந்தால், மின்சாரம் அதன் வழியே கசிந்து ஓடுகிறது. அந்த மூடியைத் துடைத்துப் பயனில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மூடிக்குள் வியர்த்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். காய்ந்த துணியால் துடைத்தாலே ஸ்டார்ட் ஆகிவிடும் வண்டியை, கார்புரேட்டர் அடைப்பு என்று கட்டி இழுத்துக்கொண்டு போனதைக் கண்டிருக்கிறேன். இரவில் விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், பழைய பிளக் வயர்களின்மேல் நீலப் பொறிகள் ஊர்வது தெளிவாகத் தெரியும்.

பாயின்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை. பிளக் இடைவெளி 0.025 அங்குலம். பாயின்டின் ஒரு முகத்தில் மேடும் எதிர்முகத்தில் குழியும் விழுந்திருந்தால், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் மேட்டில் தட்டி நின்று தவறான அளவைக் காட்டும். முதலில் நுண்ணிய கல்லில் தேய்த்துச் சமப்படுத்திவிட்டுத்தான் அளக்க வேண்டும். புதிய பாயின்டிலும் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய்ப்படலம் இருக்கும். அதைப் பெட்ரோல் தொட்ட கெட்டித்தாளால் துடைக்காவிட்டால் பொறி வராது. டெல்கோ ஷாஃப்டை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பதும் அவசியம். அதைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால், எவ்வளவு கவனமாக வைத்த இடைவெளியும் ஒவ்வொரு சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட எஞ்சினுக்கு எந்தக் கார்புரேட்டராலும் சீரான ஐடிலிங் தர முடியாது.

பொறியின் தரத்தைப் பார்க்க, காயிலிலிருந்து வரும் தடித்த வயரை மூடியிலிருந்து உருவி, காப்பிட்ட குறட்டால் பிடித்து, பிளாக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளிக் காட்டி, இக்னிஷனைப் போட்டுப் பாயின்டைத் திறந்து மூட வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் கசிவு எதுவும் இருக்கக் கூடாது. சொடுக்கென்ற சத்தத்துடன் நீலமாகப் பாய்ந்தால் நல்ல பொறி. மஞ்சளாக, மெலிந்து, சத்தமின்றி வந்தால், கண்டென்சரையோ காயிலையோ சந்தேகிக்கலாம். எங்கள் வண்டியில் அண்ணாச்சி செய்தது இதன் அடுத்த படி. எஞ்சின் குளிர்ந்திருந்தபோது பொறி நீலமாக இருந்தது. அரைமணி நேரம் ஓடவிட்டு, அது குலுங்கத் தொடங்கியதும் அணைத்து, உடனே மறுபடி சோதித்தார். பொறி மஞ்சளாகிவிட்டிருந்தது, பாயின்ட் முகத்திலும் நீலப்பொறி பறந்தது. இன்னொரு கண்டென்சரை எடுத்து, அதன் உடலை டெல்கோவோடு எர்த் ஆகும்படி பிடித்து, வயரைப் பாயின்ட் முனையில் தொடுத்தார். பழையதன் வயரை விலக்கிவிட்டார். சூடாகவே இருந்த எஞ்சின் அந்தக் கணமே பிடித்தது. குளிரில் நன்றாக இருந்து சூட்டில் செயலிழப்பது கண்டென்சரின் இயல்பு. காயிலும் சில நேரம் அப்படிச் செய்யும். சூட்டில் வரும் குறையை ஆறவைத்துச் சோதிப்பதில் பொருளே இல்லை என்பதை அன்று நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மூச்சும் நெருப்பும் சரியென்று உறுதியான பின் பெட்ரோலுக்கு வரலாம். அங்கேயும் கார்புரேட்டருக்கு முன் பம்ப் இருக்கிறது. கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றிக் கண்ணாடிப் புட்டியில் விட்டு, காயில் வயரை உருவி வைத்துவிட்டு, எஞ்சினைச் சுற்றினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பெட்ரோல் விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டும். குமிழி கலந்து வந்தால், டேங்குக்கும் பம்புக்கும் இடையே எங்கோ காற்று புகுகிறது. இரண்டு மூன்று வாரம் நின்ற வண்டியில், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் அறையின் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். செல்ஃபை விடாமல் அடித்துப் பேட்டரியை இறக்குவதைவிட, பம்பின் அடியிலுள்ள கைநெம்புகோலை அடித்து அறையை நிரப்புவது நல்லது. நெம்புகோல் தொய்வாக, எதிர்ப்பின்றி ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. கேம் அதை உச்சத்தில் தாங்கிப் பிடித்திருக்கலாம். ஹேண்டிலால் எஞ்சினை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பார்க்க வேண்டும்.

ஃப்ளோட் அறையின் பெட்ரோலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்ப்பதை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. தண்ணீர் இருந்தால், பெட்ரோலுக்கடியில், சேம்பிலையில் உருளும் மழைத்துளியைப் போலத் திரண்டு ஓடும். அப்படி ஒரு துளி, பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்டின் வாயில் போய் உட்கார்ந்தால் பெட்ரோல் அதைத் தாண்டி ஏறாது; வண்டி சிறிது தூரம் ஓடி, அணைந்து, சற்றுப் பொறுத்து மறுபடி ஓடும். டேங்கின் துருவும் இதே கிண்ணத்தில் செம்பொடியாகப் படியும். அதைக் கண்டபின் கார்புரேட்டரை மட்டும் கழுவுவது வீண் வேலை. டேங்கைத்தான் கழற்ற வேண்டும்.

இப்போதுதான் ஐடிலிங். காலை எடுத்ததும் அணைகிறது, ஆனால் சற்று மிதித்தால் நன்றாக ஓடுகிறது என்றால், சந்தேகம், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின்மீது விழ வேண்டும். அரை மில்லிமீட்டர் அளவேயுள்ள அதன் துளையை ஒரு துரும்பு அடைத்துவிடும். சோலெக்ஸில் அதை வெளியிலிருந்தே கழற்றலாம். கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டியதில்லை. காற்றடித்துச் சுத்தம்செய்ய வேண்டும்; கம்பி விடக் கூடாது. பித்தளைத் துளையில் கம்பி ஏற்படுத்தும் கீறல் அளவையே மாற்றிவிடும். காற்றுக்கு அசையாத அடைப்புக்கு, மீன்வலை பின்னும் மெல்லிய தங்கூசி நரம்பைத் துண்டாக வெட்டி நான் பயன்படுத்துகிறேன். எங்கள் கடற்கரையில் அதற்குப் பஞ்சமில்லை. நைலான் பித்தளையைக் கீறாது.

ஜெட் சுத்தமாக இருந்தும் ஐடிலிங் நிற்கவில்லையென்றால், கணக்கில் வராத காற்று எங்கோ நுழைகிறது. எங்கள் வண்டியில் மீதமிருந்த குலுக்கலுக்குக் காரணம் அதுதான். புதிய கார்புரேட்டரை, கல்லாய் இறுகிப்போன பழைய பேக்கிங்கின்மேல் வைத்து முறுக்கியிருந்தார்கள். அளவுக்குமீறி முறுக்கியதில், கார்புரேட்டரின் அடித்தகடான ஃப்ளாஞ்சின் இரு காதுகளும் கீழ்நோக்கி வளைந்து, நடுவில் இடைவெளி விழுந்திருந்தது. இதைக் கண்டுபிடிக்கப் பெட்ரோலைத் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்த எஞ்சினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கார்புரேட்டருக்கு நேர்கீழே சிவக்கச் சூடான எக்ஸாஸ்ட் குழாய்த்தொகுதி (மேனிஃபோல்டு) இருக்கிறது. எண்ணெய்க்குப்பியால் இணைப்பைச் சுற்றி ஓரிரு துளி எஞ்சின் ஆயிலைக் கவனமாக விட்டாலே போதும். எண்ணெய் இடைவெளியை அடைக்கும் அந்த நொடியில் எஞ்சினின் சத்தம் மாறும். வளைந்த ஃப்ளாஞ்சைத் தட்டையான கண்ணாடிமேல் விரித்த நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்தி, புதிய பேக்கிங் போட்டு, இரு நட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கழற்றி வைத்திருந்த எங்கள் பழைய கார்புரேட்டரே இந்த முறையில் திரும்ப ஏறியது; இன்றும் அதுதான் ஓடுகிறது.

ஸ்க்ரூக்களைத் திருப்புவது இத்தனைக்கும் பிறகுதான். எஞ்சின் முழுச்சூட்டில் இருக்க வேண்டும், சோக் முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும். வேக ஸ்க்ரூவால் ஐடிலிங்கைச் சற்று உயர்த்திக்கொண்டு, பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எஞ்சின் தடுமாறும்வரை மெல்ல உள்ளே திருப்ப வேண்டும். பின், சத்தம் கனத்து ஏறி இறங்கத் தொடங்கும்வரை வெளியே திருப்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவில், எஞ்சின் சீராகவும் வேகமாகவும் ஓடும் இடம்தான் சரியான இடம். அங்கே நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை அடிவரை முறுக்கினால் அதன் கூர்முனையில் வளையம் விழுந்து, பிறகு எந்த இடத்திலும் அது படியாது. எப்படித் திருப்பினாலும் எஞ்சினில் மாற்றமே தெரியவில்லையென்றால் திருப்புவதை நிறுத்திவிட்டுக் காற்றுக்கசிவையும் பைலட் ஜெட்டையும் மீண்டும் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டர் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டின் அச்சு (ஸ்பிண்டில்) தேய்ந்து ஆடுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

ஸ்டார்ட் செய்யும் முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் சோலெக்ஸில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு அல்ல. பக்கவாட்டில் தனியாக ஒரு சிறிய ஸ்டார்ட்டர் அமைப்பு இருக்கிறது. அது பெட்ரோலை இழுக்க, த்ராட்டிலுக்குக் கீழே நல்ல வெற்றிடம் வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் த்ராட்டில் திறந்து அந்த வெற்றிடம் போய்விடும். எனவே காலையில் சோக்கை முழுவதும் இழுத்து, காலைத் தரையில் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். சூடான எஞ்சினில் இது தலைகீழ். நிறுத்திய பின் மேலேறும் சூட்டில் ஃப்ளோட் அறைப் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிந்திருக்கும். அப்போது சோக்கைத் தொடாமல், பெடலை ஒரே மிதியாக அடிவரை அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடித்தால், உள்ளே மிஞ்சிய பெட்ரோல் காற்றோடு வெளியேறி எஞ்சின் பிடிக்கும். பெடலைத் திரும்பத் திரும்ப அடிப்பது, ஆக்சிலரேட்டர் பம்ப் வழியாக இன்னும் பெட்ரோலைத்தான் கொட்டும்.

2025இல் நாடெங்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கத்துக்கு வந்துவிட்ட நிலையில், பழைய வண்டிக்காரர்கள் இரண்டு காரியங்களைத் தள்ளிப்போடக் கூடாது. அக்காலத்து ரப்பர் குழாய்களும் பம்பின் ரப்பர் சவ்வான டயாஃப்ரமும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவையல்ல. அவை உப்பி, மிருதுவாகி, உட்புறம் உரிந்து ஜெட்டுகளை அடைக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாயும் டயாஃப்ரமும் கேட்டு வாங்கி மாற்றிவிட வேண்டும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுப்பதால், மழைக்காலத்தில் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் டேங்கை நிரப்பி வைக்க வேண்டும், அல்லது முழுவதும் வடித்துவிட வேண்டும். கால் டேங்கோடு விட்டுவைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. இந்தப் பெட்ரோலில் கலவை சற்று மெலிந்து எரிவதால், மிக்ஸ்சர் ஸ்க்ரூவைப் பழைய இடத்திலிருந்து சிறிதளவு வெளியே திருப்ப வேண்டியிருக்கும். அதை எஞ்சின் சத்தத்தைக் கேட்டே முடிவுசெய்துவிட்டு, கொஞ்சதூரம் ஓட்டிய பின் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நுனி இளம்பழுப்பாக இருந்தால் விட்டுவிடலாம், வெளுத்திருந்தால் ஸ்க்ரூவை இன்னும் கால் திருப்பு வெளியே, கரி பிடித்திருந்தால் அதே அளவு உள்ளே.